இடுக்கில் போகும் மெகாவாட்

‘டர்பைன் பிளேடு நுனியில் கசிவு’ என்கிறார்களே, வழுதூரில் கேஸ் கசிந்தால் ஊரைக் காலி செய்ய வேண்டியதுதானா? (பரமக்குடி வாசகர்)

கட்டிய மூட்டையை அவிழ்த்துவிடலாம். இந்தக் கசிவு இயந்திரத்தை விட்டு வெளியே வருவதே இல்லை.

வழுதூர் எரிவாயு மின்நிலையத்தில் இரண்டு யூனிட், சேர்ந்து 187.2 மெகாவாட். ராமநாதபுரம் மண்ணுக்கடியில் கிடைக்கும் எரிவாயுதான் அங்கே எரிகிறது. இத்தகைய டர்பைனில் 1,000 டிகிரியைத் தாண்டிய சூட்டுக்காற்று பிளேடுகள் மேல் பாய்கிறது. பிளேடு சுற்ற வேண்டுமானால், நுனிக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவே கொஞ்சம் இடம் விட்டே ஆக வேண்டும். பிளேடின் ஒரு முகத்தில் அழுத்தம் அதிகம், மறு முகத்தில் குறைவு. கரைவலையின் அடிக்கயிறு ஓரிடத்தில் தூக்கிக்கொண்டால் மீன் அந்த வழியைக் கண்டுபிடிக்காமல் விடுமா? காற்றும் அப்படித்தான் நழுவுகிறது. நழுவியதோடு விட்டாலாவது பரவாயில்லை. மறுபக்கம் போய்ச் சுழலாகச் சுருண்டு, ஒழுங்காக வேலை பார்க்கும் காற்றையும் கெடுக்கிறது.

இடுக்கை அடைத்துவிட்டால் முடிந்தது. இதற்கு ஆராய்ச்சி வேறா? (கீழக்கரை வாசகி)

அடைத்தால் டர்பைனும் நின்றுவிடும். ஸ்டார்ட் செய்யும்போது பிளேடு சட்டென்று சூடேறி நீளும். கனத்த வெளிக்கூடு சாவகாசமாகத்தான் விரியும். இந்த அவசரக்காரருக்கும் ஆமைக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் இடைவெளி. குறைத்தால் உரசும். கூட்டினால்? பிளேடு உயரத்தில் நூற்றில் ஒரு பங்கு கூடினாலே அந்த அடுக்கின் திறன் ஏறத்தாழ ஒன்றிரண்டு சதவீதம் சரியும். அதனால்தான் உரசினால் தானே தேய்ந்து கொடுக்கும் பூச்சை உட்சுவரில் பூசுகிறார்கள். பயணிகள் விமான இன்ஜின்களில் வெளிக்கூட்டின் மேல் குளிர்காற்றை ஊதி, பறக்கும்போதே அதைச் சுருங்க வைக்கிறார்கள்.

இந்தக் கசிவைக் கம்ப்யூட்டரில் ஆராய்கிறார்களாமே, சுழலும் சூட்டுக்குள் அது எப்படி எட்டிப்பார்க்கிறது? (ராமநாதபுரம் கல்லூரி மாணவர்)

எட்டிப்பார்ப்பதில்லை, கணக்குப் போடுகிறது. பிளேடைச் சுற்றியுள்ள வெளியை லட்சக்கணக்கான கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் காற்றோட்டத்தை விவரிக்கும் நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகளைத் தீர்க்கிறது. எல்லா பிளேடும் ஒரே அச்சு என்பதால், இரண்டு பிளேடுகளுக்கு நடுவிலுள்ள ஒரு வழியை மட்டும் போட்டால் பெரும்பாலும் போதும். இதற்கான ‘ஓப்பன்ஃபோம்’ மென்பொருள் இலவசம். நல்ல லேப்டாப் இருந்தால் எளிய கணக்கு ஒன்றை ஓட்டிவிடலாம்.

கோட்டை விடுகிற இடம் அந்த இடுக்கேதான். அங்கே நாலைந்து கட்டம் மட்டும் போட்டால் கசிவுச் சுழல் மங்கி மறைந்துவிடும். விடை அழகாக இருக்கும், தப்பாகவும் இருக்கும். வெளிச்சுவரும் முக்கியம். பிளேடின் மேல் உட்கார்ந்து பார்த்தால் சுவர்தான் எதிர்த்திசையில் ஓடும். டர்பைனில் அந்த ஓட்டம் கசிவை எதிர்த்து இழுத்துக் கொஞ்சம் குறைக்கும். காற்றை அழுத்தும் கம்ப்ரஸரிலோ கசிவுக்குத் துணை போகும். இதை மறந்துவிட்டு சுவரைச் சும்மா நிற்கவைத்தால் டர்பைன் கசிவு கூடுதலாகவே தெரியும். வண்ணப்படத்தைப் பார்த்துக் கைதட்டுமுன், சோதனைக்கூடத்தில் அளந்த அழுத்தத்தோடு ஒப்பிட்டார்களா என்று கேட்பது நல்லது. பேராசிரியர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

எங்கள் ஊர் கலாமுக்கு இதில் பங்கு உண்டா? (ராமேஸ்வரம் வாசகர்)

நுனிக்கசிவைக் கணக்குப் போட்டவர் என்று சொன்னால் அவரே சிரித்திருப்பார். ஆனால் 1992 முதல் 1999 வரை அவர் தலைமையேற்ற பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் கீழ்தான் காவேரி ஜெட் இன்ஜினை உருவாக்கிய பெங்களூரு ஆய்வகம் இருந்தது. முழு இன்ஜின் 1996-ல் சோதனைக்கு வந்தது. 2008-ல் தேஜஸ் போர் விமானத் திட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. உந்துவிசை போதவில்லை, எடை கூடிவிட்டது. எல்லாப் பழியையும் ஒரு மில்லிமீட்டர் இடுக்கின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

காற்றாலைக்கு வெளிக்கூடே இல்லையே, அது தப்பித்ததா? (தங்கச்சிமடம் வாசகர்)

இல்லை. இடுக்கு இல்லாவிட்டாலும் நுனியைச் சுற்றிக் காற்று வளைந்து போகத்தான் செய்யும்.

உப்புக்காற்று டர்பைனையும் விடாதாமே? (தேவிபட்டினம் வாசகி)

ஜன்னல் கம்பியையே தின்கிற காற்றாயிற்றே. உறிஞ்சும் காற்றை வடிகட்டினாலும் கம்ப்ரஸர் பிளேடுகளில் உப்பும் தூசும் படியும். அவ்வப்போது தாது நீக்கிய நீரால் கழுவுவார்கள். ஆனால் கம்ப்யூட்டர் கணக்கில் வரும் பிளேடு பெரும்பாலும் அன்றுதான் தொழிற்சாலையிலிருந்து வந்ததுபோல வழவழவென்று இருக்கும். தேய்ந்த நுனியையும் சொரசொரப்பையும் சேர்த்துப் போடுகிறவர்களும் உண்டு; கடலோர நிலையங்களுக்கு அந்தக் கணக்குதான் உதவும்.