நுரை தள்ளிய கதை

காலை ஐந்தரை மணிக்கு அழைப்பு மணி. கதவைத் திறந்தால் கீழ் வீட்டு சார், கையில் வாளியோடு நிற்கிறார்.

"தம்பி, எங்க ஹால் சீலிங்ல சொட்டுது. நாக்குல வெச்சுப் பாத்தேன். என்ன இப்படிக் கரிக்குது?"

சென்னையில் ஒரு சொட்டு நாக்கில் பட்டால் போதும், மெட்ரோவா, போரா, லாரியா என்று சொல்லிவிடும் நிபுணர் வீட்டுக்கு ஒருவர் உண்டு. அவரையே இந்தத் தண்ணீர் குழப்பியிருந்தது.

"போரா தம்பி?"

"இல்ல சார். கடல்."

எல்லாம் மகள் ஆரம்பித்தது. கார்ட்டூன் படத்தில் பார்த்த ஆரஞ்சு மீன் வேண்டும் என்றாள். கொளத்தூரில் வண்ண மீன் கடைகளுக்கா பஞ்சம்? போனோம். கோமாளி மீன் ஜோடி 800 ரூபாய். பண்ணையில் பொரித்தவை. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் இவற்றைக் குஞ்சு பொரிக்க வைக்கும் வித்தையை எப்போதோ கற்றுவிட்டார்கள். கடலில் போய்ப் பிடிக்கத் தேவையில்லை. 800 ரூபாய்தானே என்று தலையாட்டினேன். எலி கோவணத்தைக் கடிக்கிறதே என்று பூனை வளர்த்து, பூனைக்குப் பால் வேண்டி மாடு வாங்கி, மாட்டைப் பார்த்துக்கொள்ளக் கல்யாணமும் செய்துகொண்டாரே ஒரு சாமியார், அவரும் முதலில் இப்படித்தான் தலையாட்டியிருப்பார்.

நாலடி நீளம், அகலமும் உயரமும் ஒன்றரை அடி. 250 லிட்டர் பிடிக்கும் தொட்டி. லிட்டருக்கு 35 கிராம் என்ற கணக்கில் ஒன்பது கிலோ உப்பு. நெம்மேலியில் 2013-இல் தொடங்கிய ஆலை, சென்னைக்கு நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தருவதற்காகக் கடலிலிருந்து உப்பைப் பிரிக்கிறது. அதே சென்னையில் நான் ஆர்.ஓ. மெஷினில் உப்பை எடுத்துவிட்டு, கடையில் வேறு உப்பு வாங்கி வந்து திரும்பக் கொட்டுகிறேன்.

"பட்டினப்பாக்கத்துல கடல் சும்மாத்தானே கிடக்கு? ரெண்டு குடம் மொண்டு வரலாமே" என்றாள் மனைவி.

"2019 டிசம்பர்ல அங்க நுரை வந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. மழைக்குப் பிறகு கரை முழுக்க வெள்ளை நுரை. பிள்ளைகள் ஐஸ் மலை என்று நினைத்து விளையாடினார்கள். சுத்திகரிக்காத சாக்கடையும் சோப்புத் தண்ணீரும் கடலில் கலந்து, அலை அதைக் கடைந்ததில் வந்த நுரை அது. என்ன வேடிக்கையென்றால், கடல் தற்செயலாகச் செய்த அந்த வேலையை வீட்டுக்குள் வேண்டுமென்றே செய்யும் கருவிக்குத்தான் நான் அடுத்ததாகப் பணம் கட்டினேன். அதன் பெயர் புரோட்டீன் ஸ்கிம்மர்.

கடைக்காரர் அரை மணி நேரம் விளக்கியும் எனக்குப் பிடிபடவில்லை. வீட்டில் அம்மாதான் புரிய வைத்தாள். முதலில், "புரோட்டீனை எதுக்குடா எடுக்கணும்? டாக்டர் என்னைச் சேத்துக்கச் சொல்றாரு" என்றாள். நான் தட்டுத் தடுமாறி விளக்கியதும், "அட, பருப்பு கொதிக்கறப்ப மேல நுரை கட்டுமே, அதைக் கரண்டியால எடுத்துக் கொட்டுவேனே, அதானே?" என்றாள்.

அதேதான். பம்ப் காற்றையும் தண்ணீரையும் சேர்த்து அடித்துப் பொடிப்பொடிக் குமிழிகளாக்கும். மீனின் கழிவிலும் மிச்சத் தீனியிலும் இருந்து தண்ணீரில் கரைந்த சமாசாரங்கள் குமிழியின் தோலில் ஒட்டிக்கொண்டு, நுரையாக மேலேறிக் கோப்பையில் வழியும். அழுகி அம்மோனியா ஆவதற்கு முன்பே அழுக்கு வெளியே. உப்புத் தண்ணீரில்தான் இது சரியாக நடக்கும். நல்ல தண்ணீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி உடைந்துவிடும்.

சரி, எந்த அளவு வாங்குவது? பெட்டியில் "500 லிட்டர் வரை" என்று போட்டிருந்தது. "அதை நம்பாதீங்க சார். கல்யாண மண்டபத்துக்காரங்க 500 பேர் உக்காரலாம்னு போர்டு வெக்கற மாதிரிதான் இதுவும். பந்தியில எத்தனை இலை விழும்? பாதின்னு வெச்சுக்கங்க" என்றார் கடைக்காரர். பந்திக் கணக்கு எனக்குச் சட்டென்று புரிந்தது. 18,000 ரூபாய் எண்ணிக் கொடுத்தேன்.

ஸ்கிம்மர் நிற்க ஓர் இடம் வேண்டுமே? "சம்ப் வாங்கணும்" என்றேன்.

"கீழ கார் பார்க்கிங்ல இருக்கே?" என்றாள் மனைவி. "போன வாரம்தான் லாரித் தண்ணி விட்டாங்க."

இது மீன் தொட்டிக்கான சம்ப். அடியில் அலமாரிக்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு கண்ணாடித் தொட்டி. மேலே வழிகிற தண்ணீர் குழாயில் கீழே இறங்கும். முதல் அறையில் துணிப்பை கசடைப் பிடிக்கும், இரண்டாவதில் ஸ்கிம்மர் நுரைக்கும், மூன்றாவதிலிருந்து மோட்டார் திரும்ப மேலே அனுப்பும். யோசித்தால் எங்கள் அபார்ட்மெண்ட்டின் பொம்மை வடிவம்தான். மெயின்டனன்ஸ் சண்டை மட்டும் இல்லை.

அலமாரியின் உள் உயரம் 26 அங்குலம். ஸ்கிம்மர் 22. நிற்கும் பலகை 2. எல்லாம் கச்சிதம் என்று மீசையை முறுக்கினேன். மூன்றாம் நாள் கோப்பை நிறைந்தது. கழற்றப் போனால், கோப்பையை மேலே தூக்க நாலங்குல இடம் வேண்டும், இருப்பது இரண்டு. ஆசாரியைக் கூப்பிட்டேன். குனிந்து பார்த்து, "மேல பலகையில வட்டமா ஒரு ஓட்டை போட்டுடலாம் சார்" என்றார். பலகைக்கு மேலே இருப்பது 250 லிட்டர் தண்ணீர் என்பதை நினைவூட்டினேன். "அப்ப மெஷினை மாத்துங்க" என்று 300 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். மாற்றினேன். குள்ளமாக.

பிறகுதான் அந்த இரவு. தண்ணீர் அதிகம் இருந்தால் மீனுக்கு நல்லதாம். சம்ப்பையும் விளிம்பு வரை நிரப்பிவிட்டுப் படுத்தேன். இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. மோட்டார் நின்றதும் மேலே அனுப்பும் குழாயே தண்ணீரை உறிஞ்சிக் கீழே அனுப்ப ஆரம்பித்தது. அதன் வாய் தண்ணீருக்குள் நாலங்குலம் முங்கியிருந்தது. தொட்டியில் ஓர் அங்குலம் என்பது 14 லிட்டர். நாலங்குலத்துக்குக் கணக்குப் போடுங்கள். நான் போடவில்லை, கீழ் வீட்டு சார் வாளியில் அளந்து போட்டார்.

வைத்தியம் ஐந்து பைசா செலவில்லாதது. குழாயில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சின்னத் துளை. மட்டம் அங்கே இறங்கியதும் காற்று புகுந்து உறிஞ்சுவது நின்றுவிடும். பிறகு மோட்டாரை வேண்டுமென்றே நிறுத்தி, வடிகிற தண்ணீர் போக இடம் இருக்கும்படி சம்ப்பில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு. "மோட்டார் ஓடறப்ப பாத்து சம்ப் வாங்கக் கூடாது சார், நிக்கறப்ப பாத்து வாங்கணும்" என்றார் கடைக்காரர். வாங்குவதற்கு முன் இதைச் சொல்லியிருக்கலாம்.

வருகிற விருந்தாளிகள் மேலே மட்டும்தான் பார்க்கிறார்கள். "பவளப்பாறைத் தொட்டின்னீங்க, பவளம் எங்க?" என்கிறார்கள். இருப்பது பீங்கான் கல். கல் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சேர்ந்து இருக்கின்றன. ஆசைப்பட்டு வைத்தால் நான் உள்ளே இருப்பேன், மீன்கள் வெளியே இருந்து வேடிக்கை பார்க்கும்.

யாரும் அலமாரிக் கதவைத் திறப்பதில்லை. அங்கே மூன்று நாளைக்கு ஒருமுறை பழைய டிகாக்ஷன் நிறத்தில், காசிமேட்டு மீன் வாசத்தில் ஒரு கோப்பை நிறைகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கொண்டுபோய்க் கொட்டி, பிரஷ் போட்டுக் கழுவுகிறேன். நேற்று மனைவி வாசலில் சாய்ந்து நின்று பார்த்தாள்.

"கல்யாணமாகி பன்னெண்டு வருஷத்துல நீங்க கழுவற முதல் பாத்திரம் இதுதான்."

உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள்: "அடியில பிடிச்சிருக்கும், நல்லாத் தேய்க்கச் சொல்லு."