கடைசிப் படி

இருபத்திரண்டு வருஷம் கொத்தனார் கரண்டி பிடித்த கை. முட்டி தேய்ந்துபோய்ச் சாரம் ஏற முடியாமல் ஆனதும், "வாத்தியாராப் போயிருங்க, நீங்க கத்துற கத்துக்கு அதுதான் சரி" என்றாள் வீட்டுக்காரி. அப்படித்தான் ஒரு பயிற்சி மையத்தில் வீடு கட்டச் சொல்லிக்கொடுக்கும் 'சார்' ஆனேன். அஸ்தம்பட்டி டீக்கடையில் இன்னும் மேஸ்திரிதான்.

முதல் நாளே சறுக்கல். ஒன்பது அங்குலச் சுவரை ஒரு நூல் பிசகாமல் ஏற்றியவன் நான். கரும்பலகையில் எழுதிய வரியோ ஏற்காட்டைப் பார்த்து ஏறியது. பின்பெஞ்சுப் பையன் ஒருவன் ரசமட்டத்தை எடுத்து நீட்டினான். மறுநாள் சாயப்பொடி தடவிய நூலைப் பலகையில் அடித்துவிட்டுத்தான் எழுதினேன்.

மூன்று வருஷம் கலவை சுமந்த பிறகே என் மேஸ்திரி என்னைக் கரண்டியைத் தொடவிட்டார். இப்போது பிரதமர் வீடு கட்டும் திட்டத்தில் கிராமத்துக் கொத்தனார் பயிற்சி 45 நாள். வயிற்றெரிச்சல் இல்லையென்றால் நம்பவா போகிறீர்கள்?

அதைவிடச் சங்கடம் புத்தகம். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 கணக்குப்படி, சாதாரண வீட்டுக்கான எம்20 ரகக் கம்பி கான்கிரீட்டுக்கு, 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு அதிகபட்சம் 27.5 லிட்டர் தண்ணீர். நான் ஊற்றியதெல்லாம் ஓஸ் பைப் கணக்கு. கலவை தானாக ஓட வேண்டும், அவ்வளவுதான். கூடுதல் தண்ணீர் வற்றிய இடமெல்லாம் நுண்ணிய பொத்தலாகி கான்கிரீட்டின் வலு போய்விடும் என்று பாடம் நடத்தும்போது என் குரல் தன்னாலே இறங்கிவிடும்.

போன மாதம் மாடிப்படி பாடம். எல்லாப் படியும் ஒரே உயரம் இருக்க வேண்டும் என்று முழங்கிக்கொண்டிருந்தேன். ரசமட்டப் பையன் எழுந்தான்.

"சார், எங்க வீட்ல கடைசிப் படி மட்டும் ஒசரமா இருக்குது. வர்ற சொந்தக்காரங்க எல்லாம் தடுக்கி, நடுக்கூடத்துலதான் வந்து நிக்கிறாங்க."

"மேல டைல்ஸும் அதுக்கடியில கலவையும் சேர்ந்து ரெண்டு அங்குலம் ஏறும்டா. படி கட்டும்போதே அதைக் கணக்குல சேர்க்கணும். சேர்க்காத மடையன் எவன்? வீடு எங்க?"

தெருவைச் சொன்னான். பச்சை கேட், வாசலில் வேப்பமரம்.

"யாரு கட்டுனதுன்னு அப்பாவைக் கேட்டுச் சொல்லட்டுங்களா சார்?"

"வேண்டாம்பா, அடுத்த பாடத்துக்குப் போலாம்" என்றேன்.

அந்த வாரச் செய்முறைத் தேர்வில் அவனுக்கு முழு மார்க்.