சன்மானம் அடுத்த வாரம்

ஃப்ரீலான்ஸ் பத்திரிகையாளர் எனப்படுபவர் எந்தப் பத்திரிகையிலும் வேலையில் இல்லாமல் பல பத்திரிகைகளுக்கு வேலை செய்பவர். மாதச் சம்பளம், பி.எஃப்., தீபாவளி போனஸ், அடையாள அட்டை ஆகிய நான்கும் இல்லாதிருப்பது இவரது இலக்கணம். மேலதிகாரியும் கிடையாது என்று வெளியார் நினைப்பதுண்டு. உண்மையில் ஏழெட்டு உதவி ஆசிரியர்களும், அவர்களுக்கும் மேலாக ஒரு கணக்குப் பிரிவும் உண்டு.

சென்னையில் இவர் எங்கும் காணப்பட்டாலும் சாந்தோம் இவருக்கு வாகான இடம். ஆண்டு முழுவதற்குமான கட்டுரைகள் அங்கே வாசலிலேயே கிடைக்கின்றன. ஏப்ரல் 15-இல் விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. மீன் விலை பற்றி ஒரு கட்டுரை. ஆகஸ்ட் 22 மெட்ராஸ் தினம். சாந்தோம் தேவாலயம் பற்றி ஒரு கட்டுரை. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கட்டியது, 1896-இல் இன்றைய கோதிக் வடிவம் பெற்றது, 1956-இல் பசிலிக்கா ஆனது, 1986-இல் போப் இரண்டாம் ஜான் பால் வந்தது எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஐப்பசி பிறந்தால் பட்டினப்பாக்கம் கடலரிப்பு. மார்கழியில் சபா கேன்டீன்கள். டிசம்பர் 25-க்கு மறுபடியும் தேவாலயம். மறுநாள் சுனாமி நினைவு தினம். அலைகள் தாண்டாது என்று சொல்லப்படும் தேவாலயக் கம்பத்தின் கதையோடு மூன்றாம் முறையும் தேவாலயம். மாறுவது முதல் பத்தி மட்டுமே.

கள ஆய்வும் நடந்தே போகும் தூரத்தில்தான். காலையில் நோட்டுப் புத்தகத்தோடு லூப் ரோடு மீன் கடைகளுக்குப் போகிறார். வஞ்சிரம் என்ன விலை, சங்கரா என்ன விலை, போன மாதம் என்ன விலை என்று வரிசையாகக் கேட்டுக் குறித்துக்கொள்கிறார். மீன் விற்கும் அம்மா தலையை நிமிர்த்தி, “இன்னாப்பா, வாங்க வந்தியா, எழுத வந்தியா?” என்கிறார். கேள்வியின் நியாயம் உணர்ந்து அரைக் கிலோ சங்கரா வாங்கப்படுகிறது. இந்தச் செலவை எந்தப் பத்திரிகையும் திருப்பித் தருவதில்லை. அன்றைய குழம்பே பயணப்படி.

அடுத்த கட்டம் ஐடியா சொல்வது. அதற்கு வரும் பதில்கள் மூன்று வகை. “நல்லாருக்கு சார், பாக்கலாம்” என்றால் வேண்டாம். “இதை நம்ம பையனே ஒருத்தன் பண்ணிட்டிருக்கான் சார்” என்றால் அந்தப் பையன் அன்றுதான் ஆரம்பிக்கிறான். “நாளைக்குக் காலைல குடுத்துருவீங்களா?” என்றால் சம்மதம். மூன்றாவது பதில் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை இரவு வரும். 1,200 சொல் கேட்டு, அவர் எழுதி அனுப்பிய பிறகு ஒரு நகைக்கடை விளம்பரம் வந்துசேரும். கட்டுரை 450 சொல்லாகச் சுருங்கும். விளம்பரம் இன்னும் பெரிதென்றால் எழுதியவர் பெயரும் போய் ‘நமது நிருபர்’ மட்டும் மிஞ்சும்.

கட்டுரை வந்துவிட்டதா என்று அறிய, இதழின் இலவசப் பிரதிக்குக் காத்திருப்பது வீண். மயிலாப்பூர் கிழக்கு மாடவீதியில், செய்தித்தாள் கடையாகத் தொடங்கி ரோஸ் மில்க்குக்குப் பேர்போன காளத்தி கடைக்குப் போய் விசாரிப்பார். கட்டுரை வந்திருந்தால் இதழும் ரோஸ் மில்க்கும். வராவிட்டால் ரோஸ் மில்க் மட்டும்.

எழுதுவது இத்தொழிலின் சிறு பகுதி. எழுதியதற்குப் பணம் வாங்குவதே பெரும் பகுதி. புதிய இடமென்றால் வெண்டர் ஃபார்ம், பான் கார்டு நகல், கேன்சல் செய்த செக் எல்லாம் கொடுத்தாக வேண்டும். பிறகு பில். பிறகு நினைவூட்டல். “அக்கவுண்ட்ஸுக்கு அனுப்பிட்டேனே சார்” என்பார் உதவி ஆசிரியர். “எடிட்டோரியல்ல இருந்து இன்னும் வரலையே சார்” என்பார் கணக்குப் பிரிவுக்காரர். இரண்டும் ஒரே கட்டடத்தில் அடுத்தடுத்த மாடிகள். அந்த ஒரு மாடியைக் கடக்க ஒரு காகிதத்துக்கு ஒரு பருவமழைக் காலம் போதுவதில்லை.

பணம் வரும்போது குறைந்து வரும். சன்மானம் 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 10 சதவீத டி.டி.எஸ். போக 1,800. ஒரே இடத்திலிருந்து வருவது ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் பிடிக்க வேண்டும் என்பது 2025 ஏப்ரலில் வந்த வரம்பு; எதற்கு வம்பு என்று முதல் ரூபாயிலிருந்தே பிடிக்கும் அலுவலகங்களும் உண்டு. அப்படிப் பிடித்ததை ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். தாமதமானால் மாதத்துக்கு அரை சதவீதம் வட்டியும் சேரும். வாழ்க்கையில் அவருக்குத் தர வேண்டியதை வட்டியோடு தரும் ஒரே அலுவலகம் வருமான வரித்துறை. ஜி.எஸ்.டி. பதிவுக்கு 20 லட்ச ரூபாய் வரம்பு வைத்திருப்பது அரசின் இன்னொரு சலுகை. அதற்கு அவர் தகுதி பெறாத ஆண்டே கிடையாது.

சட்டத்திலும் இவருக்கு இடம் ஓரத்தில்தான். 1955-இல் வந்து 2025 வரை நடப்பில் இருந்த உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் வேலையில் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டது. மத்திய அரசின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி அங்கீகார அட்டை பெற முழுநேரப் பத்திரிகையாளருக்கு 5 ஆண்டு அனுபவம் போதும். ஃப்ரீலான்ஸருக்கு 15 ஆண்டு. அதுவரை சேப்பாக்கம் பத்திரிகையாளர் மன்றத்தில் நடக்கும் கூட்டங்களில் “எந்தப் பத்திரிகை சார்?” என்ற கேள்விக்கு, கடைசியாகப் பணம் தந்த பத்திரிகையின் பெயரைச் சொல்லிச் சமாளிப்பார்.

வீட்டில் இருந்தபடி வேலை செய்வதால், இவருக்கு வேலை இல்லை என்பது உறவினர்களின் உறுதியான முடிவு. “சும்மாதானே இருக்கீங்க” என்று தொடங்கி, சிலிண்டர் வாங்கி வைப்பது, மச்சினி மகளின் பேச்சுப்போட்டி உரை, அறுபதாம் கல்யாண வாழ்த்து மடல், அடுக்குமாடிச் சங்கத்தின் தீர்மானம் என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். வரும்படி உள்ள உபதொழில்களும் உண்டு: மொழிபெயர்ப்பு, யூடியூப் ஸ்கிரிப்ட், தொழிலதிபரின் தன்வரலாறு. கடைசியானதில் தொழிலதிபருடைய இளமைக்கால வறுமையை எழுதும்போது மட்டும் இவருக்குக் குறிப்பு தேவைப்படுவதில்லை. அண்மையில், ஏஐ எழுதியதைத் திருத்திக் கொடுக்கும் வேலையும் பாதி விலைக்கு வருகிறது.

இந்தக் குலத்துக்கு நல்ல முன்னோர் உண்டு. புதுமைப்பித்தன் கதையில் கந்தசாமிப் பிள்ளை கடவுளையே தம் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தாதாரராக்கப் பார்த்தார். வசூல் என்று வந்தால் ஆள் பார்க்கக் கூடாது என்பதை அவரிடம் கற்கலாம். அசோகமித்திரன் 1966-இல் ஜெமினி ஸ்டூடியோ வேலையை விட்டு எழுத்தையே நம்பினார். சாகித்ய அகாதெமி விருது 1996-இல் வந்தது. அந்த முப்பது ஆண்டுக் கணக்கைச் சாந்தோம்காரர் வீட்டில் அடிக்கடி எடுத்துச் சொல்வார். வீட்டாருக்கு அது ஆறுதலாகப் படுவதில்லை.

இந்நிலைக்கு ஓய்வு வயது கிடையாது. பத்திரிகையில் வேலை கிடைத்தால் மட்டுமே முடிவுக்கு வரும். அப்படி உதவி ஆசிரியராகிறவர் முதல் வாரம் பழைய நண்பர்களின் துயரத்தைத் துடைக்கவே வந்தவர்போல் பேசுவார். இரண்டாம் வாரம் யாரோ ஒருவர் மீன்பிடித் தடைக்காலம் பற்றி ஒரு ஐடியா சொல்வார். இவரும் யோசித்துவிட்டு, “நல்லாருக்கு சார், பாக்கலாம்” என்பார்.