ராஜினாமா சார்

சனிக்கிழமை சாயங்காலம் திருப்பதியில் சித்தூர் பஸ் ஏறினால், ஜன்னலோரத்தில் ராஜினாமா சார் இருப்பார். வீடு சித்தூர், வேலை திருப்பதி, நடுவில் சுமார் 70 கிலோமீட்டர். மீட்டிங்கில் தெலுங்கு, புலம்பலில் தமிழ், கோபம் தலைக்கேறினால் இங்கிலீஷ். வேலையை விடப்போகிறார். இருபது வருடமாக.

அந்த வாரத்துக் கணக்கை அவர் தீர்ப்பது பஸ்ஸில்தான். சந்திரகிரிக் கோட்டை கண்ணில் பட்டதும் கச்சேரி தொடங்கும். "விஜயநகர ராஜாவே இவ்வளவு பெரிய கோட்டையை விட்டுட்டுப் போயிட்டாரு தம்பி. நான் ஒரு சுழல் நாற்காலியை விடமாட்டேனா?" அப்புறம் திங்கட்கிழமை மீட்டிங். "போன வாரம் பேசினதைப் படிக்க அரைமணி. அதுல ஒண்ணும் நடக்கலைன்னு கண்டுபிடிக்க அரைமணி. அடுத்த மீட்டிங் எப்போன்னு சண்டை போட அரைமணி. நடுவுல ஆளுக்கு ரெண்டு பிஸ்கட்."

தாமல்செருவு மாங்காய் மண்டிப் பேச்சு வந்தால் முன்பெல்லாம் முகம் மலரும். வேலையை விட்டதும் அங்கே கடை போடுவதாகத் திட்டம். 2025 சீசனில் தோத்தாபுரி விலை விழுந்தது. கிலோவுக்கு ஃபேக்டரி 8 ரூபாய் தரணும், அரசாங்கம் 4 ரூபாய் போடும் என்று அறிவிக்கும் நிலை. மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் கூழ் ஃபேக்டரி வாசலில் வரிசை கட்டி நின்றன. அன்றிலிருந்து தாமல்செருவு என்றாலே சாருக்குத் தூக்கம் வந்துவிடுகிறது.

காணிப்பாக்கம் போகும் கிளைச்சாலை வந்ததும் நிமிர்ந்து உட்காருவார். அந்த வரசித்தி விநாயகர் முன்னால் பொய்ச்சத்தியம் செய்தால் தப்ப முடியாது என்பது ஊரறிந்த நம்பிக்கை. குடியை விடுகிறவர்கள்கூட அங்கே வந்து சத்தியம் செய்துவிட்டுப் போவார்கள். "வர்ற வாரம் கண்டிப்பா பேப்பர் போட்டுடறேன்" என்று பஸ்ஸுக்குள்ளேயே சொல்வார் சார். இறங்கிப்போய் விநாயகர் முன்னால் சொன்னதில்லை. பிள்ளையார் இன்னும் வளர்ந்துகொண்டே இருக்கிறார் என்கிறார்கள். சாருடைய சர்வீஸும் அப்படித்தான்.

ராஜினாமா கடிதம் இல்லாமல் இல்லை. டிபன் பாக்ஸ் பைக்குள், பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக இருக்கிறது. ஒருமுறை காட்டினார். மடிப்பில் கிழிந்து, பின்பக்கம் செல்லோடேப் ஒட்டியிருந்தது. ஓரத்தில் சாம்பார்க் கறை. தேதி இருக்கவேண்டிய இடம் காலி. 'பெறுநர்' பகுதியில் ஒரு மேனேஜர் பெயரை அடித்து இன்னொரு பெயர், அதையும் அடித்து மூன்றாவது பெயர். மூன்று பேருமே வேலையை விட்டுப் போய்விட்டார்கள். மூவருக்கும் சால்வை வாங்கி, ஏழுமலையான் படத்துக்குச் சட்டம் போட்டு, வழியனுப்பு விழாவில் பேசியவர் சார்தான்.

விடாததற்குக் காரணமும் கைவசம் உண்டு. "5 வருஷம் முடியட்டும், கிராஜுவிட்டி வந்துடும்" என்றார். முடிந்தது. "வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் சேருது, எதுக்கு விடணும்?" என்றார். பிறகு பெண்ணின் காலேஜ் ஃபீஸ், பிறகு வீட்டுக் கடன். இப்போது, "புது மேனேஜர் நல்ல மாதிரி தெரியறாரு, பார்ப்போம்."

ஒரே நாளில் விட்டவரும் இந்தப் பக்கத்தில் உண்டு. இதே பழைய சித்தூர் ஜில்லாவின் மதனப்பள்ளியில் 1895-இல் பிறந்தவர் ஜே. கிருஷ்ணமூர்த்தி. அவரை உலக குரு ஆக்குவதற்கென்றே ஒரு சங்கம் நடந்துகொண்டிருந்தது. 1929 ஆகஸ்ட் 3 அன்று ஹாலந்தில், அந்தச் சங்கத்தார் கூடியிருந்த முகாமிலேயே எழுந்து அதைக் கலைத்துவிட்டார். வந்த சொத்துகளையும் கொடுத்தவர்களிடமே திருப்பிக் கொடுத்தார். ஒரே மீட்டிங், ஒரே பேச்சு, வேலை முடிந்தது. சாரிடம் இதைச் சொன்னேன். யோசித்துவிட்டுக் கேட்டார்: "அவருக்கு நோட்டீஸ் பீரியட் கிடையாதா?"

வீட்டில் அவர் மனைவிக்கு எல்லாம் பழகிவிட்டது. ராஜினாமா பேச்சை எடுத்தால், "சரிங்க, திங்கக்கிழமைக்கு எந்தச் சட்டை?" என்பார்.

திங்கட்கிழமை ஒன்பது மணி மீட்டிங்குக்கு எட்டே முக்காலுக்கே போய் ஏசி போடுகிறவர் யார் என்று நினைக்கிறீர்கள்? வராதவர்களுக்கு போன் போடுகிறவர்? மினிட்ஸ் எழுதி, கடைசியில் "சார், நெக்ஸ்ட் மீட்டிங் எப்புடு?" என்று முதலில் கேட்கிறவர்? எல்லாம் சார்தான்.

உங்கள் ஆபீசிலும் இப்படி ஒருவர் இருப்பார். அவர் போனதும் அந்த நாற்காலி நமக்குத்தான் என்று கனவு காணாதீர்கள்; உங்கள் வழியனுப்பு விழாவுக்கும் அவரே சால்வை வாங்குவார். பக்கத்து மேஜையில் வாயே திறக்காமல் ஒருவர் வேலை செய்கிறாரே, அவரிடம் இருக்கும் ஃபைல் விவரங்களை இன்றைக்கே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.