கூப்பிட்டால் வரும் நாய்

கேள்வி: அமெரிக்காவில் மகன் வீட்டில் இருக்கிறேன். அடுத்த வாரம் எல்லோஸ்டோன் பூங்காவுக்குக் காரில் போகிறோம். எங்கள் நாய் சொன்ன பேச்சு கேட்கும். கயிறு வேண்டுமா?

பதில்: வீட்டுக் கூடத்தில் கேட்கும், ஐயா. எதிரே 900 கிலோ பைசன் எருமை நின்றால் நாயின் காதில் உங்கள் குரல் விழுமா? அந்த எருமை அசமந்தம் போலத் தெரியும். ஓட ஆரம்பித்தால் மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டும். அதனிடமிருந்து நீங்கள் 25 கஜம் தள்ளி நிற்க வேண்டும். கரடி, ஓநாயிடமிருந்து 100 கஜம். செல்ஃபி எடுக்கும் தூரம் இதில் சேர்த்தி இல்லை.

ஆறடிக்கு மேல் நீளாத கயிறு அங்கே சட்டம். நடைபாதைகளிலும், வெந்நீர் ஊற்றருகே போட்ட பலகைப் பாதைகளிலும் நாய்க்கு அனுமதியே கிடையாது. காரணம் இருக்கிறது. 1981இல் ஒரு நாய் அங்கே கொதிக்கும் ஊற்றில் குதித்தது. காப்பாற்றப் பாய்ந்த இளைஞரும் பிழைக்கவில்லை.

கூப்பிட்டால் வரப் பழக்க ஒரு வாரம் போதாதுதான். ஆனாலும் கிளம்பும் முன் வீட்டருகே நீளக் கயிற்றில் விட்டுக் கூப்பிடுங்கள். வந்ததும் ஒரு துண்டுக் கோழிக்கறி. தாமதமாக வந்தாலும் திட்டக் கூடாது. திட்டு வாங்க யார்தான் ஓடி வருவார்கள்? பூங்காவில் நாயை வெயிலில் பூட்டிய காருக்குள் மட்டும் விட்டுப் போகாதீர்கள்.

பேரன் யாராவது உடன் வந்தால், அவனுக்கு அந்த ஆறடிக் கயிறு சட்டப்படி தேவையில்லை. பலகைப் பாதையில் கையைப் பிடித்துக்கொண்டால் சரி.