விசிலும் வில்லையும்: திரைக்கூர்மை பற்றிய ஓர் ஆய்வு

திரையில் படம் கலங்கினால் அதைச் சரிசெய்வது யார்? ஆபரேட்டர் என்பர் பாமரர். இவ்வாய்வு அதை மறுக்கிறது. பிலிம் ஓடிய காலத்தில் ப்ரொஜக்டரின் இன்றியமையா உறுப்பு விசில். கம்பெனிக்காரர்கள் அதைப் பெட்டியில் வைத்து அனுப்பாததால், அந்தந்த ஊர்த் தரை டிக்கெட்காரர்களே இலவசமாக வழங்கி வந்தார்கள்.

முதலில் ஃப்ரேம். 35 மி.மீ. பிலிமில் ஒரு படத்துக்குப் பக்கத்துக்கு 4 துளைகள். அறுந்த பிலிமை ஒட்டும்போது ஒரு துளை பிசகினால் படம் கால் பங்கு நகரும். இரண்டு பிசகினால் பாதி. திரையின் நடுவே ஒரு கறுப்புக் கோடு. அதற்கு மேலே கதாநாயகனின் செருப்பு, கீழே அவருடைய கிராப்பு. திருமாலும் பிரமனும் தேடிக் காணாத அடியும் முடியும் ஒருசேரக் கிடைத்த இந்தத் தரிசனத்தை ஜனங்கள் ஏன் விசிலடித்து விரட்டினார்கள் என்பது சைவ சித்தாந்திகள் ஆராய வேண்டியது.

ஃபோகஸ் இதைவிடச் சூட்சுமம். ஃப்ரேம் பிசகு கேபினிலிருந்தே தெரிந்துவிடும். லேசான மங்கல் தெரியாது. ஆபரேட்டர் நிற்பதோ கொட்டகையின் கடைக்கோடியில், சின்னக் கண்ணாடித் துவாரத்துக்குப் பின்னால், மெஷின் இரைச்சலுக்கு நடுவே. வெளிச்சம் தரும் கார்பன் குச்சிகள் எரிந்து குறையக் குறைய அவற்றை நெருக்கிவிட வேண்டும். சூட்டில் பிலிம் வளைந்தால் ஃபோகஸ் தானே நழுவும். இருபது நிமிடத்துக்கொரு முறை அடுத்த மெஷினுக்கு மாறினால் அதன் லென்ஸுக்கு வேறு குணம். லென்ஸைத் திருகுகிறவர் தெளிவு வந்ததும் நிறுத்திவிடக் கூடாது. தாண்டிப் போய், மறுபடி மங்குவதைப் பார்த்துத்தான் திரும்ப வேண்டும். எங்கே தாண்டினோம் என்பதை விசில் அடங்கி மீண்டும் கிளம்பும் இடம் காட்டிக்கொடுக்கும்.

அரசாங்கமும் தன்னாலான உதவியைச் செய்தது. படத்துக்கு முன் கட்டாயமாகக் காட்டப்படும் தணிக்கைச் சான்றிதழ் எதற்கு என்று பலர் குழம்பியிருக்கிறார்கள். அது கண் டாக்டரின் எழுத்து அட்டை. கீழேயுள்ள கையெழுத்து சுத்தமாகத் தெரிந்தால் படம் தெளிவாக ஓடும்.

ஒரு சிக்கல்: ஃப்ரேமுக்கு ஒன்று, ஃபோகஸுக்கு ஒன்று எனத் திருகு இரண்டு, விசில் ஒன்று. எதைத் திருகுவது? ஆபரேட்டரின் குடும்பத்தாரைப் பற்றிய சில குறிப்புகளோடு "ஃப்ரேமப் போடுடா!" என்ற விளக்கவுரையும் வரும்போது ஐயம் தீரும். பால்கனிக்காரர்கள் நாக்கால் 'ச்சு' கொட்டியதோடு சரி. அந்த ஒலி கேபினை எட்டுவதில்லை. ஆகவே பால்கனிக்காரர்களும் தரை டிக்கெட்டின் தயவில்தான் தெளிவாகப் படம் பார்த்தார்கள். டிக்கெட் விலையில் இது எதிரொலிக்கவில்லை.

1973இல் 'ராஜராஜ சோழன்' தமிழுக்கு சினிமாஸ்கோப்பைக் கொண்டுவந்தது. பிலிமில் பாதி அகலத்துக்கு ஒடுங்கியிருக்கும் உருவத்தை விரிக்கத் தனி லென்ஸ். அதை மாட்ட மறந்தால் சோழச் சக்கரவர்த்தியே ஊதுவத்தி. இதற்கும் அதே விசில்தான். வேறு கருவி கண்டுபிடிக்கப்படவில்லை.

இப்போது டிஜிட்டல். துளையில்லை, ஒட்டில்லை, கார்பனில்லை. லென்ஸ் மட்டும் இருக்கிறது. அது நழுவவும் செய்கிறது. விசிலடித்தால் ஹீரோ அறிமுகத்துக்கு என்று நினைத்துப் பக்கத்து சீட்காரரும் சேர்ந்து அடிக்கிறார். எழுந்துபோய் மேனேஜரிடம் சொன்னால், "ப்ரிண்ட்டே அப்படித்தான் சார்" என்கிறார்.