காத்தை வாங்கிக் காத்துல விட்ட கதை

ஏலே பேராண்டி, பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரம் கெடக்கு. ரெண்டு நாளா உன் பல்கலைக்கழகத்துச் சோத்தைத் தின்னுருக்கேன். தின்ன சோத்துக்கு ரெண்டு நல்ல வார்த்தை சொல்லாமப் போனா செமிக்காது. இப்படி உக்காரு.

மொதல்ல உங்களையெல்லாம் பாராட்டணும். நம்ம ஊரச் சுத்திக் காத்தாடி நிக்கிறதப் பாத்திருக்கேல்லா? கயத்தாறுல காத்தாடிய ஓட்டிச் சோதிச்சுப் பாக்கதுக்குன்னே மத்திய சர்க்காரு ஒரு நெலையம் போட்டு வச்சிருக்கு. ஆனி ஆடி பொறந்துட்டா, மேக்க மலை இடுக்கு வழியா வார காத்து வேட்டிய உருவிட்டுப் போயிரும். அந்தக் காத்தப் புடிச்சு, ரெக்கையச் சுத்த வச்சு, கரண்டாக்கி, கம்பி வழியா இம்புட்டுத் தூரம் கொண்டாந்து உங்ககிட்ட குடுத்தா, நீங்க ஆளில்லாத ரூம்ல அதத் திரும்பவும் காத்தாக்கி விட்டுருதீக. காத்த வாங்கிக் காத்துலயே விட்டாச்சு, கடன் தீந்துச்சு! இம்புட்டு நேர்மைய நான் எந்தச் சந்தையிலயும் பாத்ததில்ல.

நேத்துக் காலையில நீ குளிக்கப் போன நேரம், உங்க ஆஸ்டல் வராண்டாவுல ஒரு நடை போனேன். பதினாறு ரூம். அதுல ஏழுல பூட்டுத் தொங்குது, உள்ள பேன் சுத்துது. ஒரு ரூம்ல ஜன்னல் வழியா எட்டிப் பாத்தேன். கொடியில ஒத்தப் பனியன் காயுது. பூட்டுப் போட்ட ரூம்ல ஒரு பனியன உக்கார வச்சு விசிறுதாக! பாண்டிய ராசாவுக்குக்கூட இந்த மரியாதை நடந்திருக்காது. வெளிய வெயிலு சும்மா கெடக்கு. அதுல போட்டா பனியனுக்குக் கவுரவக் கொறச்சலு போல.

உங்க ஒயர்மேன்கிட்ட மெதுவாப் பேச்சுக் குடுத்தேன். பழைய பேனு 75 வாட்டாம். ராப்பகலாச் சுத்துனா ஒரு நாளைக்கு 1.8 யூனிட்டு. நம்ம கெணத்துல கெடக்க 5 எச்.பி. மோட்டாரு ஒரு மணி நேரம் ஓடுனா ஏறக்குறைய 3.7 யூனிட்டு. ஆக, இங்க ரெண்டு பனியனு காயுறதும் அங்க என் மொளகாச் செடி ஒரு மணி நேரம் தண்ணி குடிக்கிறதும் ஒண்ணு. இது கார்த்திகை வேற. காத்தாடியெல்லாம் கொட்டாவி விட்டுக்கிட்டு நிக்கிது. இப்பத்தைக்குத் தூத்துக்குடியில கரியப் போட்டு எரிச்சாத்தான் கரண்டு. ஒரு யூனிட்டுக்கு முக்கா கிலோவ ஒட்டிக் கரி போகும். அந்தக் கரியும் நம்ம ஊருதில்ல, ஒடிசா பக்கம் தோண்டிக் கப்பல்ல ஏத்திக் கொண்டாரது. கடல் தாண்டி வந்த கரி, அடுப்புல வெந்து, கம்பியில ஓடி, கடைசியில ஒரு பனியன் காய்ஞ்சுது. அந்தப் பனியன் விலை எம்புட்டுடா?

என்னைய யோக்கியன்னு நெனைச்சுராத. 1990-ல எல்லா விவசாயிக்கும் கரண்டு இலவசம்னாக. அதுக்கு முன்ன, தண்ணி கடைப்பாத்தியத் தொட்டதுமே ஓடிப்போயி மோட்டார அமத்துனவன் நான். இலவசமான பொறவு என்ன செஞ்சேன் தெரியுமா? மும்முனைக் கரண்டு எந்நேரம் வருதோ அந்நேரம் மோட்டாரு தன்னால ஓடட்டும்னு ஆட்டோமேட்டிக் சுவிட்ச மாட்டிட்டு, வீட்டுல குப்புறப் படுத்துட்டேன். விடிஞ்சு பாத்தா என் புஞ்சையத் தாண்டி, சுடுகாட்டுப் பாதை வரைக்கும் தண்ணி. கேட்டவன்கிட்ட, “செத்தவனுக்கும் தாகம் எடுக்கும்லாடே”ன்னு சொல்லிச் சமாளிச்சேன். அதனால திருடன் திருடன்கிட்ட பேசுற மாதிரிதான் உன்கிட்ட பேசுதேன். பில்லு கண்ணுல படாதவனுக்குச் சுவிட்சும் கண்ணுல படாது. உங்களுக்கு எல்லாம் ஆஸ்டல் பீசுலயே அடக்கம். ஒருத்தன் அமத்துனாலும் அதே பீசு, அமத்தாட்டாலும் அதே பீசு.

இதுக்கு ஒரு வழி சொல்லுதேன். மெஸ்ஸு வாசல்ல, இன்னைக்கு என்ன கொழம்புன்னு எழுதிப் போடுதாகல்லா, அந்தப் பலகையிலயே நேத்து இந்த பிளாக்கு எத்தன யூனிட்டுத் தின்னுச்சுன்னும் எழுதச் சொல்லு. பக்கத்து பிளாக்குக் கணக்கையும் பக்கத்துலயே எழுதணும், அதான் முக்கியம். ஊர் நல்லா இருக்கணும்னு சுவிட்ச அமத்துறவன் நூத்துல ஒருத்தன். எதுத்த பிளாக்குக்காரன் சிரிச்சுரக் கூடாதேன்னு அமத்துறவன் மிச்சப் பேரு. நமக்கு அமந்தாச் சரி.

நேத்து உங்க கூட்டத்துக்கும் வந்தேன்லா, எரிசக்தி சேமிப்பு நாளுன்னு. டிசம்பர் 14 நாடு பூரா கொண்டாடுதாகளாம். பகல் பதினோரு மணி. ஜன்னலுக்கெல்லாம் கனத்த திரையப் போட்டுச் சூரியன வெளிய தள்ளிட்டு, உள்ள நாப்பது லைட்டு எரியுது. அந்த லைட்டுக்குக் கீழ நின்னு ஒருத்தர் சூரிய சக்தியப் பத்தி முக்கா மணி நேரம் பேசுனாரு. நல்லாத்தான் பேசுனாரு, குத்தம் சொல்லக் கூடாது. ஆனா ஏசிய 18-ல வச்சிருந்தாக. மேடையில இருந்த பெரியவருக்குப் பொன்னாடை போத்துனாகல்லா, எல்லாரும் அதக் கழட்டி மடிச்சு மேசையில வைப்பாக. அந்த மனுசன் கழட்டவே இல்ல, இழுத்துக் கழுத்து வரைக்கும் மூடிக்கிட்டாரு. பொன்னாடைய ஒருத்தர் உள்ளபடியே போத்திக்கிட்டத நான் நேத்துத்தான் கண்டேன்.

ஏசி 24-ல இருந்தாப் போதும்னு சர்க்காரு சொல்லுது. 2020-லருந்து புதுசா வார வீட்டு ஏசியெல்லாம், போட்டதும் 24-ல நிக்கிற மாதிரிதான் செஞ்சு அனுப்பணும்னு உத்தரவு. ஒரு டிகிரி கூட்டி வச்சா 6 சதவீதம் போலக் கரண்டு மிச்சம்ங்கிறது அவுக கணக்கு. அப்ப 18-க்கு எறக்கணும்னா ஒருத்தன் மெனக்கெட்டு ரிமோட்ட எடுத்து ஆறு தடவ அமுக்கியிருக்கணும். அந்த உழைப்பாளிக்கும் ஒரு பொன்னாடை போட்டிருக்கலாம்.

கடைசியில எல்லாரும் கைய நீட்டி உறுதிமொழி எடுத்தீக. எடுத்த கையோட காப்பி குடிக்க ஓடிட்டீக. ஏசி ஓடுது, லைட்டு எரியுது. சரி, கெழவன் அமத்திட்டுப் போவோம்னு போனா, பன்னெண்டு சுவிட்சு, எல்லாம் ஒரே மூஞ்சி! ஒண்ண அமுக்குனா மைக்கு “கீ”ங்கிது. இன்னொண்ண அமுக்குனா மேடையில சீரியல் லைட்டு மினுக்குது. அமத்த வந்தவன் மூணப் போட்டுவிட்டுட்டு நிக்கேன். உங்க மேல மட்டும் தப்பில்லன்னு அப்பத்தான் புரிஞ்சுது. எது எதுக்குன்னு தெரியாதவன் எல்லாத்தையும் போடுதான், எதையும் அமத்த மாட்டாங்கான். ஆயிரம் ஆட்டை வச்சிருக்க கீதாரியே அடையாளம் போட்டு வைக்கான். நீங்க பன்னெண்டு சுவிட்சுக்கு ஒரு டப்பா பெயிண்டு வாங்க மாட்டீகளா? அதுக்குத் தீர்மானம் வேண்டாம், கமிட்டி வேண்டாம். ஒரு ஞாயித்துக்கெழமையும் ஒரு பிரசும் போதும்.

பேனையெல்லாம் மாத்தப் போறதா ஒயர்மேன் சொன்னாரு. பி.எல்.டி.சி.ன்னு ஒரு தினுசாம், 30 வாட்டுலயே அதே காத்து வருமாம். நல்லது, மாத்துங்க. ஆனா அதையும் பனியனுக்குப் போட்டுறாதீக.

அப்புறம் உங்க வகுப்பு ரூமக் கூட்டுற ஒரு அம்மா. சாயங்காலம் வகுப்பெல்லாம் முடிஞ்ச பொறவு பாத்தேன். ஒவ்வொரு ரூமா நொழஞ்சு, வெளக்கமாத்துக் கட்டையால சுவிட்சு வரிசைய ஒரே இழுப்பு, டக் டக் டக்குன்னு. எட்டு ரூம் அமந்து போச்சு. “ஏம்மா, கையால அமத்தக் கூடாதா?”ன்னேன். “கையில ஈரம்யா, ஷாக்கடிக்கும்”னா. உறுதிமொழி எடுத்தீகல்லா, அந்தக் கூட்டத்துக்கு அவளக் கூப்பிடலியேடா.

சரி, பஸ்ஸு வாரது போல இருக்கு. அந்தப் பையக் குடு. உங்க பாட்டி முறுக்குக் குடுத்துவிட்ட டப்பாவ மறக்காம ஊருக்குக் கொண்டா, இல்லன்னா என்னைய ஏசுவா. ஆங்... ஏலே, நில்லு. கெஸ்ட் அவுசுல வெந்நி போடுற மெசினு இருந்துச்சுல்லா, 2000 வாட்டு? கெணத்துல விழுந்து குளிக்கவன்தான். ஆனா ஓசியில வெந்நி வருதுன்னதும் காலையில ஒரு கை பாத்துட்டேன். அந்தச் செவப்பு லைட்ட அமத்துனேனா, விட்டுட்டு வந்தேனான்னு ஞாபகமே வரல. சாவி வாட்ச்மேன்கிட்டதான் இருக்கு. நான் பஸ்ஸப் புடிச்சுக்கிடுதேன், நீ ஓடிப்போயி அத அமத்திரு.